காரைக்குடி 11

உன்னை இறக்கிவிட்ட வண்டி
திருப்பத்தூர்ப் பக்கம் போய்விட்டது.
பார்த்தேன். பின்கண்ணாடியில்
ஒரு குழந்தையின் உள்ளங்கை ஒட்டியிருந்தது.

மூன்று ராத்திரியாக
காரைக்குடி 11 என்று எழுதிய இந்தக் கல்லடியில்
கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறாய்.
ஒவ்வொரு விளக்குக்கும் எழுந்து நிற்கிறாய்.
நரிக்கு நாயோடு என்ன பேச்சு?
ஒன்றுமில்லை, என் வழியில் இருக்கிறாய்.
இருப்பதென்றால் இதைக் கேட்டுக்கொள்.

இங்கிட்டிருந்து பொட்டல்.
மனுசன் காகிதத்தில் இதற்குத் தரிசு என்று பேர்.
எங்களுக்கு ஒவ்வொரு புதருக்கும் பேருண்டு.

முதலில் தலையில்லாப் பனை. இடி விழுந்தது.
பொந்தில் ஆந்தை, அடியில் எலி எலும்பு.
அதை இடக்காதுப் பக்கம் வைத்து ஓடினால் உப்போடை.
ஐப்பசியில் தண்ணீர் ஓடும்,
மற்ற மாசமெல்லாம் பத்துப் பிறாண்டல் ஆழத்தில் கசியும்.
வலக்காதுப் பக்கம் வைத்தால்...
அதை அப்புறம் சொல்கிறேன்.

முதுகொடிந்த மண்குதிரை.
யாரோ நேர்ந்தது, யாரோ மறந்தது.
வயிற்றுக்குள் மூக்கை விடாதே.
உள்ளே சாரை என்று நினைத்தான் என் தம்பி.
அது சாரையில்லை.

வெள்ளைக் கரட்டில் ஏறினால் ஊர் தெரியும்.
நூறு சன்னலில் ஒன்றும் திறக்காத வீடு தெரியும்.
பர்மாத் தேக்கு உத்தரத்தில்
மரநாய்கள் வாடகையில்லாமல் குட்டி போடுகின்றன.
வருசத்தில் ஒருநாள் படைப்புக்கு ஆட்கள் வருவார்கள்,
கொல்லையில் இலை விழும்.
அன்றைக்கு மட்டும் ஊரெல்லை தாண்டலாம்.

இனி ஆபத்து. வரிசையாகச் சொல்ல வராது எனக்கு,
எது எப்போது கடித்ததோ அப்படித்தான் நினைவு.

கடலைக்காட்டு ஓரம் ஒற்றைக் கம்பி.
பகலில் அது வெறும் கம்பி.
ராத்திரி மோட்டார் கொட்டகையிலிருந்து
அதற்கு உயிர் வரும்.
பன்றிக்கு வைத்தது. பன்றி கற்றுக்கொண்டது.
முயல்கள் இன்னும் கற்கவில்லை.

பாதையில் கிடக்கும் கொழுப்பு உருண்டை:
இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது.
கடிக்காதே, உள்ளே வெடிமருந்து.
என் துணையின் தாடை
அந்த உடைமரத்தடியில் இருக்கிறது.
இதற்குமேல் அதைக் கேட்காதே.

தெற்கே புதிதாக ஒரு கண்மாய்.
நீலம், சதுரம், எந்தக் காற்றுக்கும் அலையில்லை.
நிலா வெளிச்சத்தில் நாரைகள் நம்பி இறங்கும்,
கண்ணாடியில் கால் ஒடிந்து கிடக்கும்.
பொய் சொல்லமாட்டேன்,
அன்றைக்கு எனக்கு வயிறு நிறையும்.

கைப்பிடிச் சுவரில்லாத கிணறு.
ஆவாரம்புதர் அதன் வாயை மூடியிருக்கும்.
பனையின் வலப்பக்கம் என்றேனே, அது இதுதான்.
சித்திரையில் ஒரு புள்ளிமான் விழுந்து
இரண்டு நாள் கூப்பிட்டது.
எங்களுக்கெல்லாம் அன்றைக்கு
வேறு திசையில் வேலை இருந்தது.

அப்புறம் இந்தத் தார் ஆறு.
நீ உட்கார்ந்திருப்பதே அதன் கரையில்தான்.
கீரி, முள்ளெலி, கவுதாரிக் குஞ்சுகள்,
வெளிச்சத்தைப் பார்த்து நின்றவர்கள் எல்லாரும்
இதில்தான் படிந்திருக்கிறார்கள்.

"வருவார்கள்" என்கிறாய்.
ஊர்ப் பேர்? தெரியாது.
வீட்டு வாசனை? சோப்பு, பால், ரப்பர்ப் பந்து.
அப்படியொரு காற்று இந்தப் பக்கம் அடித்ததில்லை.
அடித்தால் சொல்கிறேன் என்றேன்.
நான் சொன்ன பொய்களில் அது சின்னது.
கல்லில் வழக்கம்போலக் காலைத் தூக்கிவிட்டுப் போனேன்.

இன்றைக்கு வந்தேன். நீ இல்லை.
கல்லை முகர்ந்தேன்.
பதினொன்றுக்குக் கீழே,
என் கையெழுத்துக்கு மேலே,
ஈரம் காயாமல் இன்னொன்று.
அதில் இன்னும் கொஞ்சம் சோப்பு வாசனை.

தார் மேல் ஒன்றும் இல்லை. நல்லது.
செம்மண்ணில் தடம், புதுசு,
பனை வரைக்கும் நேராகப் போயிருந்தது.
பிறகு,
பனையை வலக்காதுப் பக்கம் வைத்து.

சனியனே என்று
ஓடினேன்.